மெமரிக்குப் புல்லி மாற்றாதவன்

ஆந்திர எல்லையிலுள்ள எங்கள் நகரியில் வேகத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க ஆள் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட நான் இன்று விசைத்தறி ஷெட்டுக்கு முதலாளி. ஒரே மோட்டார், அது சுற்றும் நீளமான இரும்புத் தண்டாக ஒரு ஷாஃப்ட், அதிலிருந்து தறிக்குத் தறி பெல்ட். மோட்டாரின் வேகத்தை ஏற்றினால் எல்லாத் தறியும் பறக்கும். கிழட்டுத் தறிக்கு மட்டும் பெல்ட் ஓடும் சக்கரத்தை, அதாவது புல்லியை, மாற்றி அடக்கி வைக்க வேண்டும். இல்லையென்றால் ஊடை நூலோடு குறுக்கே ஓடும் நாடா தெறித்து யார் மண்டையையாவது பதம் பார்க்கும். இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். (அப்புறம் ஏன் அப்படிச் செய்தாய் என்று நீங்களும் கேட்காதீர்கள். வீட்டில் கேட்பதே போதும்.)

மருமகள் ரேவதி, வீட்டையொட்டிய அந்த ஷெட்டின் மூலையில் உட்கார்ந்து சேலை பார்டர்களைக் கம்ப்யூட்டரில் வரைவாள். பழைய கம்ப்யூட்டர், ஒரு அன்னம் திரைக்கு வருவதற்குள் நான் டீ குடித்து முடித்துவிடுவேன். அன்று திருப்பதி ஜவுளிக்கடைக்காரர் அந்த அன்ன பார்டரைப் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்துவிட்டால் கல்யாண சீசன் முழுக்க எங்கள் தறிகளுக்கு வேலை. பிடிக்காவிட்டால் ஆர்டர் புத்தூர்த் தறிக்காரர்களுக்குப் போய்விடும். அவர் எதிரில் கம்ப்யூட்டர் நொண்டினால் என் கௌரவம் என்னாவது?

ரேவதி குளிக்கப் போனதும் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் வேகத்தை ஏற்றுவது எப்படி என்று போனில் வீடியோ பார்த்து, அடிப்படை வேகம் என்றிருந்த இருநூறை இருநூற்று நாற்பது ஆக்கினேன். பிராசஸர் எண் குபீரென்று ஏறியது. வீடியோக்காரர் மெமரியைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். முதலாளிக்கு அதற்கெல்லாம் நேரமேது? நிறுத்திவிட்டேன்.

“இன்னாத்துக்கு அத்த நோண்டிக்கினு கீற? அந்தப் பொண்ணு வரட்டும்யா” என்றாள் என் மனைவி.

“ஷெட்டையே ஓட்றவன்டி நான்! இது இன்னா, கைக்குட்டை சைசு.”

கடைக்காரர் வந்தார். நானே பார்டரைத் திறந்தேன். சட்டென்று வந்தது! மார்பை நிமிர்த்தினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“ஏமண்ணா, அன்னத்துக்குக் கழுத்தே லேதே?”

பார்த்தேன். கழுத்தில்லாத அன்னங்கள் வரிசையாக நின்றன. ஒன்றின் கால் இன்னொன்றின் முதுகில் முளைத்திருந்தது. மூடப் போனால், சேமிக்கவா என்று கேட்டது. நல்ல காரியத்துக்கு வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லை எனக்கு. ஆமாம் என்று அழுத்தினேன். திரை இருண்டது.

ஈரத்தலையோடு ஓடி வந்த ரேவதி, பெட்டியைத் திறந்து குட்டி பேட்டரியைக் கழற்றி மாட்டி அதைப் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தாள். உயிர் வந்தது. நான் சேமித்துவிட்ட அன்னங்களுக்குக் கழுத்து வரவில்லை.

“மாமா, இதுலயும் ஒரே ஷாஃப்ட்டுதான். பிராசஸர், மெமரி ரெண்டும் அதுலதான் சுத்துது. எண்ணூறுல ஓட வேண்டிய மெமரியைத் தொள்ளாயிரத்து அறுபதுல வுட்டுட்டீங்க. அதோட விகிதத்தை ஒரு படி எறக்கியிருந்தா தாங்கியிருக்கும். மோட்டாரை ஏத்தினீங்க, அதுக்குப் புல்லி மாத்துனீங்களா?”

நான் குனிந்து, பெட்டியிலிருந்து கழன்ற திருகுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அம்மாயி, மறுபடி வரை. வெள்ளிக்கிழமை வரேன். ஆனா அண்ணன் ஷெட்டுக்கு வெளிய இருக்கணும்.”

வெள்ளிக்கிழமை ஆர்டர் கிடைத்தது. நான் வாசலில், வெயிலில் நின்றிருந்தேன்.

போன மாதம் திருமலை வரிசையில் முன்னால் நின்றவரை லேசாக நெருக்கினேன். என் மனைவி அத்தனை பேர் நடுவில் அவரிடம் சொன்னாள்: “கொஞ்சம் தள்ளிக்கோங்க சார். எங்க ஊட்டுக்காரரு புல்லி மாத்தாம வந்துட்டாரு.”