மாடிப் போர்ஷன் வாடகைக்கு அல்ல

கீழ அடையவளஞ்சான் வீதி,
ஸ்ரீரங்கம்.
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை.

சிரஞ்சீவி ரகுராமுக்கு அக்கா வைதேஹி எழுதுவது. இங்கே தாயார், பெருமாள் கிருபையால் நானும் தண்ணீர் மோட்டாரும் அவ்வப்போது நின்றாலும் மறுபடி ஓடிக்கொண்டிருக்கிறோம். அங்கே மெல்போர்னில் நீயும் பத்மஜாவும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு, குளிர் தாக்காமல், க்ஷேமமாக இருக்க வேண்டுமென்று தினமும் சேவித்துக்கொள்கிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ போனில் போட்ட சத்தத்துக்கு இது பதில். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நீ "சொல்லு, சொல்லு" என்பாய், பின்னால் குழாயில் தண்ணீர் ஓடும், பாத்திரம் உருளும், நான் முடித்ததும் "சரி, வேற என்ன?" என்பாய். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது. "சொந்தக்காரா ஒருத்தர் எனக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருக்கார். என் போர்ஷனை யாரைக் கேட்டு வாடகைக்கு விட்டே?" என்று கேட்டாய். ரகு, நான் வாடகைக்கு விடவில்லை. நான் விளம்பரம் செய்தது வீட்டை அல்ல, நாவலை.

நாவல் எழுதியிருக்கிறேன் என்று உன்னிடம் சொன்னேன். "வெரி குட்" என்றாய். சில மாதம் கழித்து மறுபடி சொன்னேன். மறுபடியும் "வெரி குட்" என்றாய். முதல் தடவை சொன்னது காதில் விழவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. அம்மா ஆசார்யன் திருவடி அடைந்த பிறகு இந்த வீட்டில் சாயங்காலம் என்பது ரொம்ப நீளமாகிவிட்டது. முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் பேச்சுக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தவள் நான். இப்போது என் போன் அடித்தால் பேங்கில் லோன் வேண்டுமா என்று கேட்கிறார்கள். அந்தப் பெண்ணிடமே கொஞ்ச நேரம் பேசிவிட்டுத்தான் வேண்டாம் என்பேன். அதனால் எழுத ஆரம்பித்தேன். ஒரு வீட்டு மாடியில் அம்புஜம் என்று ஒருத்தி இருக்கிறாள். கீழே குடும்பம் நடக்கிறது; அவள் மேலேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான் கதை. பெயர் 'மாடிப் போர்ஷன்'. தில்லைநகர் பக்கம் ஒரு அச்சகத்தில் கொடுத்து முன்னூறு பிரதி போட்டேன். ஹாலில் அடுக்கி வைத்ததில் டிவி மறைந்துவிட்டது. தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள், பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். படித்தேன் என்று யாரும் சொல்லவில்லை.

உன் பெண் கமலினி பெங்களூரிலிருந்து பேசும்போது, "அத்தை, இந்தக் காலத்துல புஸ்தகம் தானா விக்காது. ஆன்லைன்ல ஆட் போடணும்" என்றாள். எப்படிப் போடுவது என்று கேட்டேன். அவளுக்கு மீட்டிங் வந்துவிட்டது. ஒரு வீடியோ லிங்க் அனுப்பினாள். அதில் ஒரு பையன் கைகளை ஆட்டி ஆட்டி, "உங்க பொருளோட பேரைச் சொல்லாதீங்க, பயன்களைச் சொல்லுங்க. புஸ்தகம்னு ஒரு வார்த்தை இருந்தாலே ஜனங்க விரலால தள்ளிட்டுப் போயிடுவாங்க" என்றான். எனக்கு ரோஷம் வந்தது. ஆனாலும் அவன் சொன்னதைக் கேட்டேன். புத்தகம் என்ற வார்த்தையே இல்லாமல் எழுதினேன்: 'மாடிப் போர்ஷன். ஸ்ரீரங்கம். அமைதியான சூழல். கோபுரம் தெரியும் ஜன்னல். குடும்பத்தினர் அனைவருக்கும் ஏற்றது. ஒருமுறை உள்ளே நுழைந்தால் வெளியே வர மனம் வராது.' கீழே என் நம்பர். விளம்பரம் போடும் மெஷின் படம் வேண்டும் என்றது. புத்தக அட்டையில் இருக்கும் படத்தைப் போட்டேன். அது நம் வீட்டு வாசலும் மாடிப்படியும், கமலினி எடுத்தது.

இதெல்லாம் போதாதென்று அந்த மெஷின் என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்தது. உங்கள் விளம்பரம் யாரைச் சென்றடைய வேண்டும்? அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? அவர்களுக்கு எதில் விருப்பம்? ரகு, சொன்னால் சிரிப்பாய். உனக்கு யார் வேண்டும் என்று இத்தனை பொறுமையாக என்னை யாரும் கேட்டதில்லை. உட்கார்ந்து யோசித்து யோசித்துப் பதில் சொன்னேன். 'மெதுவாகப் படிப்பவர்கள்' என்று அதில் ஒரு கட்டம் இல்லை. இது வீடு சம்பந்தப்பட்ட விளம்பரமா என்று கேட்டது. கதை முழுக்க வீட்டுக்குள்தானே நடக்கிறது, ஆமாம் என்று டிக் செய்தேன். மேப்பில் ஒரு வட்டம் போடச் சொன்னது. நம் வீட்டில் ஆரம்பித்து விரலால் இழுத்தேன். அது வழுக்கிக்கொண்டு போய்த் திருவெள்ளறை, துறையூர், உப்பிலியபுரம் எல்லாவற்றையும் விழுங்கிப் பச்சைமலை மேல் ஏறி நின்றது. போகட்டும், மலையிலும் படிப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் போன் அடித்தது. உப்பிலியபுரத்திலிருந்து பிச்சமுத்து என்று ஒருவர். மரவள்ளிக்கிழங்கு வியாபாரம் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது அவர் கேட்டது இதுதான்.

"மாடிப் போர்ஷன் இருக்குங்களாம்மா?"

"இருக்கே. உங்களுக்குத்தானா?"

"எம் பொண்ணுக்குங்க. திருச்சியில காலேஜ் சேரப்போவுது."

"காலேஜ்னா சரி. ரொம்பச் சின்னவான்னா யோசிப்பேன். நடுவுல ஒரு சாவு வரது."

"மாடியிலயாங்க?"

"ஆமா, மாமனார். ஆனா இயற்கையான சாவுதான்."

"அது எல்லா வீட்லயும் உள்ளதுதாங்க. பேய் கீய்னு எதும்…"

"சே சே. அந்த மாதிரியெல்லாம் நான் எழுத மாட்டேன்."

"எழுதவே வேணாங்க, உங்க வாய் வார்த்தை போதும். நேர்ல வந்து பாத்துக்கிறோம்."

"வாங்கோ, வாங்கோ. முன்னூறு காப்பி இருக்கு."

"ஒரு காப்பி போதுங்கம்மா," என்றார், ரொம்ப மரியாதையாக.

என் முதல் வாசகர் என்று அன்றைக்குச் சர்க்கரைப் பொங்கல் செய்து பெருமாளுக்கு அம்சை பண்ணினேன். அதற்குள் வேறு போன்கள். தண்ணீர் எப்படி, காற்று வருமா, வண்டி நிறுத்த இடம் உண்டா என்று கேட்டார்கள். நாவலில் வண்டி எதற்கு என்று நான் குழம்பினேன். ஓர் அம்மாள் "அட்வான்ஸ் எவ்வளவு?" என்று கேட்டபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது.

உடனே ஏன் நிறுத்தவில்லை என்று கேட்பாய். நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தினமும் விளம்பரத்துக்குக் காசு போய்க்கொண்டிருந்தும், வேண்டுமென்றேதான் நிறுத்தவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் போர்ஷன் காலி இல்லை என்று சொன்னேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பேசினேன். கொசு உண்டா என்று கேட்ட ஒரு பெண், தன் மாமியார் கதை முழுவதையும் சொல்லிவிட்டு, வீட்டைப் பற்றிக் கேட்காமலே வைத்துவிட்டாள். எல்லோரும் கடைசியில் ஒரே மாதிரி கேட்டார்கள்: "நீங்க கீழ இருக்கீங்களாம்மா? தனியாவா?" ஆமாம் என்பேன். "பாத்து இருங்க" என்பார்கள். முன்பின் தெரியாதவர்கள். காசு கொடுத்து இதை வாங்கினேன் என்று நீ சொல்லலாம். வாங்கினேன்தான்.

பிச்சமுத்துவைத் தடுக்க மறந்துபோனேன். பஸ் மாறி வெயிலில் வந்து வாசலில் நின்றார். கூடப் பெண் கலைமதி; அவர் தோளில் ஒரு மூட்டை மரவள்ளிக்கிழங்கு. நான் கூசிப்போய் ஒரு பிரதியைக் கையில் கொடுத்து, "இதான் மாடிப் போர்ஷன்" என்றேன். அவர் அட்டையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"அப்ப மேல என்னங்க இருக்கு?"

"மேலே என் தம்பி போர்ஷன். பூட்டியிருக்கு."

"தம்பி எங்கங்க?"

"ஆஸ்திரேலியாவுல."

"எப்ப வருவாரு?"

"வருவான்," என்றேன். வேறு என்ன சொல்வது? நீயே சொல்.

அவர் கோபப்படவில்லை. "சரி விடுங்க, வந்ததுக்குக் கோயிலுக்குப் போயிட்டுப் போறோம்" என்றார். சாப்பிடாமல் அனுப்ப மனம் வரவில்லை. சாத்தமுதும் தயிர்சாதமும் போட்டேன். கலைமதி சாப்பிட்டுக்கொண்டே புத்தகத்தைப் புரட்டி, "நீங்களே எழுதுனீங்களா? எல்லாத்தையுமா?" என்று கேட்டது. ஆமாம் என்று சொல்லி இன்னொரு கரண்டி தயிர்சாதம் போட்டேன். புத்தகத்துக்குக் காசு கொடுக்க வந்தார், நான் வாங்கவில்லை. கிழங்கு மூட்டையை விட்டுவிட்டுப் போய்விட்டார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் வீதி முழுக்க விநியோகம் செய்தேன். நாவலைவிடக் கிழங்குக்கு நல்ல வரவேற்பு.

அன்று சாயங்காலமே விளம்பரத்தை நிறுத்திவிட்டேன். ஒரு மனுஷர் வெயிலில் மூட்டையோடு வந்து ஏமாந்து போவது பாவம். போன் நின்றுவிட்டது. எப்படி நின்றது என்றால், நெட்வொர்க் போய்விட்டதோ என்று லேண்ட்லைனிலிருந்து எனக்கு நானே அடித்துப் பார்த்தேன். மணி நன்றாகத்தான் அடித்தது. அதற்குப் பிறகு வந்த முதல் போன் உன்னுடையது.

நேற்று பிச்சமுத்து பேசினார். வீட்டில் பெண் படிக்கப் படிக்க எல்லோரும் உட்கார்ந்து கேட்டார்களாம். "முடிவு எனக்கு ஒத்து வரலீங்கம்மா," என்றார்.

"ஏன்?"

"அந்தம்மா கடைசி வரைக்கும் கீழ எறங்கவே இல்லியே."

"யாரும் கூப்பிடலையே."

"கூப்பிடலேன்னா என்னங்க, படி இருக்குல்ல? எறங்கி வந்து, ஒரு வாய் தண்ணி குடுங்கன்னு கேட்டா இல்லேன்னா சொல்லிடுவாங்க?"

அத்தனை அத்தியாயம் எழுதியவள் நான். எனக்கு அது தோன்றவே இல்லை. அவர் வைப்பதற்கு முன் தயங்கித் தயங்கி, "அந்தம்மா இப்ப நல்லாருக்காங்களா?" என்று கேட்டார்.

"இருக்கா," என்றேன்.

ராத்திரி யோசித்துப் பார்த்தேன். நீ சொன்னது சரிதான், ரகு. எனக்கு வயதாகிவிட்டது. மெஷினிடம் யார் வேண்டும் என்று சொல்லத் தெரியாதவள், போனுக்காகக் காசைக் கொட்டியவள், தனியாக இருப்பது உசிதம் இல்லை. வீட்டை விற்றுவிடலாம். கோயம்புத்தூர்ப் பக்கம் நீ சொன்ன பெரியவர்கள் குடியிருப்பில் எனக்கு ஓர் அறை பார். கோபுரம் தெரிய வேண்டும் என்றெல்லாம் கேட்கவில்லை. சாப்பாட்டு அறையில் பேச்சுத் துணை இருந்தால் போதும். புத்தகங்களை அங்கே வைக்க இடம் இருக்காது. பழைய பேப்பர்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நாவல் இனி எழுதமாட்டேன். உன் போர்ஷன் பூட்டு பூட்டியபடியே இருக்கிறது, நீ நிம்மதியாகத் தூங்கு.

பத்மஜாவுக்கு என் ஆசீர்வாதம். மாத்திரையை வேளைக்குப் போட்டுக்கொள். ரங்கநாயகித் தாயார் உன் குடும்பத்தைக் கண்ணை இமை காப்பதுபோல் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
வைதேஹி

பி.கு.: உறையை ஒட்டிக்கொண்டு தபாலாபீஸுக்குக் கிளம்பியவள், மறுபடி பிரித்து இதை எழுதுகிறேன். வாசலில் பிச்சமுத்துவும் கலைமதியும் நின்றார்கள், பெட்டி படுக்கையோடு. காலேஜ் திறந்துவிட்டதாம், ஹாஸ்டலில் இடம் இல்லையாம். "நீங்க இல்லேன்னு சொன்னா போயிடுறோங்க, கேட்டுப் பாப்போம்னுதான்" என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை. அதனால் வீட்டை விற்பது பற்றி மேலே எழுதியிருப்பதையும், கோயம்புத்தூரையும், பேப்பர்காரரையும் படிக்காததுபோல் விட்டுவிடு. உன் சாவி மெல்போர்னில் இருப்பதால் கடைத்தெருவிலிருந்து பூட்டுக்காரரைக் கூட்டி வந்திருக்கிறேன். அவர் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு, "ஓனர் சம்மதம் இருக்குங்களா? ஓனர் யாரு?" என்று கேட்டார். நான்தான் என்று சொல்லிவிட்டேன்.