ஆவிக்கு முளைத்த மீசை

கடைவீதியில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில், ஒரு போட்டோ ஸ்டூடியோ இருக்கிறது. போன வருஷம் வரை அங்கே பாஸ்போர்ட் படம் எடுத்தார்கள். "காது தெரியணும், சிரிக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்த அதே மனிதர் இந்த வருஷம் தாடி வளர்த்தார், வெள்ளை அங்கி மாட்டினார், நிழலடிகள் என்று பெயர் வைத்துக்கொண்டார். உயிரோடு இருப்பவர்களைப் படம் எடுத்தவரை ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. செத்தவர்களைப் படம் எடுக்கத் தொடங்கினார். மாடிப்படி தேய்ந்தே போயிற்று.

விஷயம் இதுதான். நீங்கள் போய் ஒரு கறுப்புத் துணிக்கு முன்னால் உட்கார வேண்டும். அவர் படம் எடுப்பார். பிறகு திரைக்குப் பின்னால் போய்விடுவார். ஆவி 'தெளிய' ஒரு மணி நேரம் ஆகுமாம். அந்தக் காலத்தில் மருந்துத் தண்ணீரில் தெளிந்த படம், இப்போது கம்ப்யூட்டரில் தெளிகிறது. திரை விலகும்போது கையில் பளபளவென்று ஒரு படம் இருக்கும். அதில் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். உங்கள் தோளுக்குப் பின்னால், புகைக்கு நடுவே, உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். பொன்னிறப் புகை என்றால் ஆசீர்வாதம். சிவப்புப் புகை என்றால் கோபம். கோபத்தைத் தணிக்க 'சாந்திப் படம்' எடுக்க வேண்டும். அதற்குக் காணிக்கை அதிகம். பெரும்பாலான ஆவிகள் கோபமாகவே வந்தன என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

கூட்டம் அம்மியது. அரசாங்க அதிகாரி வந்தார், வக்கீல் வந்தார், கல்லூரியில் அறிவியல் நடத்துகிறவர் முகத்தைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு வந்தார். ரொட்டிக்கடைக்காரரின் மறைந்த அப்பா படத்தில் வந்தபோது, அவர் தோளில் இன்னொரு கை தனியாக இருந்தது. வெறும் கை. உடம்பு இல்லை.

"இது யாரு கைங்க?" என்று கேட்டார் ரொட்டிக்கடைக்காரர்.

"துணை ஆவி. இன்னும் முழுசா இறங்கல" என்றார் அடிகள்.

ரொட்டிக்கடைக்காரர் அந்தக் கையையும் சேர்த்துக் கும்பிட்டார். அது அவருடைய சித்தப்பாவின் கை. அண்ணனும் தம்பியும் தோளில் கை போட்டு எடுத்த படத்தில் தம்பியை வெட்டியவர் கையை வெட்ட மறந்துவிட்டார். சித்தப்பாவோ அதே தெருவில் உயிரோடு சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

ஊர் எப்படியோ போகட்டும் என்று இருந்திருப்பேன். வினை என் வீட்டு வாசலுக்கு வந்தது.

என் கடைசி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பையனும் அவளும் ஒரே அலுவலகம், ஒருவரையொருவர் விரும்பியவர்கள். எல்லாம் பேசி முடித்த பிறகு, பையனின் அம்மா ஒரு நிபந்தனை போட்டார்.

"சம்பந்தி, பொண்ணை அடிகள்கிட்ட ஒரு படம் எடுத்துட்டு வந்துடலாம். உங்க பெரியவங்க சம்மதம் தெரிஞ்சுட்டா என் மனசு நிம்மதியாயிடும்."

நான் மறுத்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் குடும்பத்துப் பெரியவர்களை யாராவது பார்க்க விரும்பினால் நான் மறுப்பதில்லை. என் தாத்தாவின் படம் எங்கள் கூடத்தில் ஆளுயரச் சட்டத்தில் தொங்குகிறது. இரண்டு பக்கமும் முறுக்கி நிமிர்ந்த மீசை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் முதலில் அந்த மீசையைக் காட்டிவிட்டுத்தான் நாற்காலியைக் காட்டுவேன். இணையத்தில் எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு பக்கம் வைத்திருக்கிறோம். அதன் முகப்பிலும் அந்தப் படம்தான். இப்படிப்பட்ட தாத்தா பேரனின் பெண்ணை, அதாவது என் மகளை, ஆசீர்வதிக்காமல் என்ன செய்வார் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

ஒரு மணி நேரம் கழித்துத் திரை விலகியது. படத்தில் என் மகளுக்குப் பின்னால் தாத்தா நின்றார். சுற்றிலும் செக்கச்செவேலென்று புகை. கண் இரண்டும் கனல்.

"ஐயா, இவர் யாருன்னு தெரியுதா?" என்று அடிகள் என்னைக் கேட்டார்.

அறை முழுக்க ஆட்கள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "என் தாத்தா. இந்த மீசை உலகத்துல வேற யாருக்கும் கிடையாது" என்று முழங்கினேன். கூட்டம் 'ஆ' என்றது. பிறகுதான் சிவப்புப் புகையின் பொருள் எனக்கு உறைத்தது.

சம்பந்தியம்மாவின் முகம் சுண்டிவிட்டது. "பெரியவருக்கு இஷ்டமில்ல போலிருக்கே. அவர் சிரிக்கிறவரைக்கும் கல்யாணத்தைத் தள்ளிப் போடலாம் சம்பந்தி. சிரிக்கலேன்னா..." மீதியைச் சொல்லாமல் படியிறங்கினார். என் மகள் வீடு வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இங்கே என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு ஐம்பத்தெட்டு வயதுக்கு மேல் ஒரு பித்துப் பிடித்தது. போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் போட்டு வெட்டி ஒட்டுவது. ஒரு மென்பொருள், அதோடு சேர்த்துக்கொள்ளும் குட்டி மென்பொருள்கள் இன்னும் பத்து. மழை பெய்ய வைக்க ஒன்று, நிலா உதிக்க வைக்க ஒன்று. எங்கள் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் சூரியன் மறைந்தது. பென்ஷன் அலுவலக வாசலில் நான் நின்ற படத்தில் என் தலைக்கு மேல் அருவி கொட்டியது. "இதெல்லாம் ஒரு பொழுதுபோக்கா? குடும்ப மானம் என்னத்துக்கு ஆகும்?" என்பேன். "மானத்துக்குத்தாங்க அருவியில குளிப்பாட்டியிருக்கேன்" என்பாள்.

அந்த ஆவிப் படத்தைக் கையில் வாங்கியவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பொண்ணு அழுதுட்டிருக்கா, சிரிப்பு வருதா உனக்கு?"

"என்னங்க, இந்தப் புகை எங்கிட்டயும் இருக்கு. இலவசமா குடுக்கற பிரஷ். நிறத்தை மாத்திட்டா சிவப்பு, இன்னொரு தட்டு தட்டினா தங்கம். நம்ம சிலிண்டருக்குக்கூட போட்டேனே, ஞாபகமில்ல?"

"தாத்தா முகம்? அதுவும் இலவசமா?"

"நம்ம குடும்பப் பக்கத்துல நீங்கதானே ஊருக்கெல்லாம் போட்டு வெச்சிருக்கீங்க! பேரு, ஃபோன் நம்பர் எழுதி வாங்கினாங்கல்ல? தேடினா கிடைக்காதா? அதோட அந்த மீசையைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு..."

"மீசையைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதே!" என்றேன். அவள் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் குடும்பப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். தாத்தா தடித்த கறுப்புச் சட்டம் போட்ட மூக்குக் கண்ணாடி அணிந்திருந்தார்.

"என்ன இது அக்கிரமம்?"

"பரீட்சைங்க. அடுத்த படத்துல தாத்தா எப்படி வர்றாருன்னு பாப்போம். ரெண்டு நாள் கண்ணாடி போட்டுக்கிட்டா செத்தா போயிடுவாரு?"



சாந்திப் படத்துக்குச் சம்பந்தியம்மாவோடு நாங்கள் போன அன்று கூட்டம் படிக்கட்டு வரை நின்றது. வரிசையில் எங்கள் எதிர்வீட்டுப் பல் டாக்டரும் இருந்தார். காம்பவுண்டுச் சுவர் சண்டைக்குப் பிறகு அவரோடு எனக்குப் பேச்சு வார்த்தை கிடையாது. ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்லிப் பார்த்தவர், தன் கண்ணைத் திறந்து பார்க்காமல் இங்கே வந்து நிற்கிறாரே என்று எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

திரை விலகியது. படம் வந்தது. பொன்னிறப் புகை. தாத்தா லேசாகச் சிரித்தார். மூக்கின் மேல், தடித்த கறுப்புச் சட்டத்தில், கண்ணாடி.

என் மனைவி படத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். "போன தடவை கண்ணாடி இல்லியே அடிகளே. இப்ப எப்படி வந்துச்சு?"

அடிகள் ஒரு விநாடி விழித்தார். ஒரே விநாடிதான். "தாயே, அங்கேயும் வயசு ஏறும். பார்வை மங்கும். கொள்ளுப்பேத்தியைத் தெளிவாப் பாக்கணும்னு பெரியவர் கண்ணாடி போட்டு வந்திருக்கார்."

இந்த இடத்தில் கூட்டம் சிரித்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? உருகிவிட்டது ஐயா, உருகிவிட்டது! "என்ன பாசம் பாருங்க" என்று கைக்குட்டைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு அம்மாள் தன் மாமனாருக்குக் காது மெஷின் கிடைத்திருக்குமா என்று விசாரித்தார். கண்ணாடியைத் தான் முந்தாநாள் வரைந்ததாக என் மனைவி சொன்னாள். "அந்தக் கையை வரைய வெச்சதே பெரியவர்தான்!" என்றது கூட்டம். முட்டாள்தனத்துக்கு இவ்வளவு சுறுசுறுப்பு உண்டென்று எனக்கு அதுவரை தெரியாது.

என் மனைவி அசரவில்லை. "சரி. கண்ணாடி போகட்டும். இந்த மீசை? இதுவும் பெரியவரோடதுதானே?"

"சந்தேகமென்ன? என் கேமரா ஆவியோட சொந்த உருவத்தைத்தான் பிடிக்கும். ஒரு மயிர்கூடக் கூடாது, குறையாது" என்றார் அடிகள்.

அவள் பையிலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தாள். தாத்தாவின் அசல் படம். அப்பா காலத்திலிருந்து பெட்டியின் அடியில் கிடந்து ஈரம் ஏறிப்போன படம். நெற்றி இருந்தது, கண் இருந்தது, மூக்கு இருந்தது. மூக்குக்குக் கீழே கோட்டுக் காலர் வரை வெறும் பழுப்புக் கறை.

"இவர் மீசை வெச்சிருந்தாரா, மழிச்சிருந்தாரான்னு பாத்தவங்க யாரும் இன்னிக்கு உயிரோட இல்ல. சரிபண்ணித் தான்னு எங்க வீட்டுக்காரர் எங்கிட்ட குடுத்தாரு. நான்தான் ஒரு மீசையை வெட்டி ஒட்டினேன்."

பளிச்சென்று மீசையோடு படம் கைக்கு வந்தபோது நான் ஒன்றும் கேட்கவில்லைதான். தாத்தாவின் மீசை எங்கிருந்து வந்தது என்று எந்தப் பேரன் கேட்பான்?

"யாரு மீசை?" என்றார் சம்பந்தியம்மா.

"காக்கா ஒண்ணு எதிர்வீட்டு கேட்ல உக்காந்திருந்தப்ப ஒரு படம் எடுத்தேன். காக்காவுக்குப் பின்னாடி அவர் நின்னாரு" என்று சொல்லி என் மனைவி வரிசையைக் காட்டினாள். "டாக்டர், கொஞ்சம் முன்னாடி வாங்க."

பல் டாக்டர் வந்தார். எப்போதோ யாரோ ஒரு நோயாளி வலியில் கையைத் தட்டிவிட, கருவி பட்டு அவர் மேலுதட்டில் ஒரு தழும்பு. இடப்பக்கம் அந்த இடத்தில் மட்டும் மயிர் முளைக்காது. மீசைக்கு நடுவே எறும்புப் பாதை போல ஒரு கோடு. எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். பெரியவரின் மீசையிலும் இடப்பக்கம் அதே எறும்புப் பாதை. டாக்டரைப் பார்த்தார்கள். மறுபடி படத்தைப் பார்த்தார்கள். டாக்டர் மீசையைக் கையால் பொத்திக்கொண்டார்.

"உயிரோட இருக்கற மனுஷன் மீசை ஆவிக்கு எப்படிங்க முளைக்கும்?" என்று கேட்டாள் என் மனைவி.

அடிகள் வியர்த்தார். "இந்தம்மா பொய் சொல்றாங்க. போன தடவை இவங்க வீட்டுக்காரரே இதே இடத்துல நின்னு சொன்னாரே, இது தாத்தா மீசைன்னு!"

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. சம்பந்தியம்மா என் எதிரே வந்து நின்றார். "சம்பந்தி, வீட்டுக்குப் பெரியவர் நீங்க. நீங்க சொல்லுங்க, நான் நம்பறேன். அது உங்க தாத்தா மீசையா, இல்லியா?"

ஆம் என்றால் மீசை பிழைக்கும். இல்லை என்றால், ஊருக்கெல்லாம் நான் காட்டிப் பெருமைப்பட்டது என் விரோதியின் மீசை. அந்த ஆள் என் கண்ணெதிரே, பொத்திய கையை எடுத்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். என் மகள் சுவரில் சாய்ந்தபடி என்னையே பார்த்தாள். குடும்ப மானம் என்பது சட்டத்துக்குள் இருப்பதா, சுவரில் சாய்ந்து நிற்பதா?

"இல்லம்மா. அது பல் டாக்டர் மீசை" என்றேன். எல்லோருக்கும் கேட்க வேண்டுமென்று உரக்கவே சொன்னேன்.

அப்புறம் யாரோ திரையை இழுத்தார்கள். உள்ளே தெய்வீகம் ஒன்றுமில்லை. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், பாதி தின்ற பிஸ்கட். கம்ப்யூட்டர் திரையில் பல் டாக்டரின் அப்பா தயாராக நின்றுகொண்டிருந்தார், சிவப்புப் புகையோடு. மகன் இன்னும் உட்காரவே இல்லை, அப்பாவுக்கு அதற்குள் கோபம். என் மனைவி மேசை முன் அமர்ந்து ஒரு பொத்தானைத் தட்டினாள். புகை போயிற்று. மறுபடி தட்டினாள். வந்தது. போயிற்று. வந்தது. "அப்பாவுக்குக் கோபம். கோபமில்ல. கோபம். கோபமில்ல. டாக்டர், எது வேணும் உங்களுக்கு?" என்றாள். முதலில் சிரித்தது என் மகள். பிறகு ரொட்டிக்கடைக்காரர். பிறகு மாடியே சிரித்தது. அடிகள் அங்கியை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கியதை யாரும் படம் எடுக்காதது ஒன்றுதான் என் மனைவிக்கு இன்றும் குறை.

கல்யாணம் குறித்த நாளிலேயே நடந்தது. பல் டாக்டர் வந்திருந்தார். "மீசை வாடகைக்குச் சாப்பாடாவது போடுவீங்கல்ல?" என்றார். சுவர் சண்டைக்குப் பிறகு நாங்கள் பேசிய முதல் வார்த்தை அது. கூடத்தில் இப்போது தாத்தாவின் அசல் படம்தான் தொங்குகிறது. மூக்குக்குக் கீழே கறை. வருகிறவர்களிடம் அதைத்தான் காட்டுகிறேன். எனக்குத் தெரியாத இடம் அது என்று சொல்கிறேன்.

அந்த ஸ்டூடியோ பூட்டிக் கிடக்கிறது. ஆனால் அடுத்த தெருவில் குரலை வைத்தே முற்பிறவி சொல்கிற ஒருவர் கடை திறந்திருக்கிறாராம். கூட்டம் அம்முகிறதாம். போகிறவர்கள் போங்கள். போகுமுன், செத்தவர் உங்கள் தோளுக்குப் பின்னால் நிற்கிறாரா என்று தேடிய அக்கறையில் பாதியாவது வைத்து, உங்கள் தோளுக்கு மேல் ஒன்று உயிரோடு இருக்கிறதே, அதை ஒருமுறை தட்டிப் பாருங்கள். புகை விலகினாலும் விலகும்.