குடையில் விழுந்த பேர்

இதை எனக்கு முதலில் சொன்னவள் பக்கத்து வீட்டு ஒயொனே. போன மழைக்காலத்தில், கன்னோன் தாயைக் கும்பிட்டுவிட்டுக் கோயில் படி இறங்கும்போது சொன்னாள். சந்நிதி என்றும் பாராமல் சிரித்துவிட்டேன். தாய் மன்னிப்பாள்.

எங்கள் எடோ பட்டணத்தில் படம் அச்சடிக்க மரப்பலகை செதுக்குகிறவர் தொமேகிச்சி. அழகிகளின் தலைமயிரை இழை இழையாகச் செதுக்க அவரை விட்டால் ஆளில்லை. ஆனால் படத்தில் பேர் வருவது வரைந்தவருக்கும் விற்கிறவருக்கும்.

"ஒரு கோடு இழுத்துட்டுப் போயிடறான் அவன். முதுகு ஒடியச் செதுக்கறது நான்! செதுக்கறவங்க பேருதான் படத்துல வரணும்!"

"வரட்டுங்க. சோறு ஆறுது, முள்ளங்கி ஊறுகாய் வைக்கட்டுமா?" என்றாள் மனைவி ஒமினே. அவளும் செதுக்குகிறவர் வீட்டுப் பெண்தான்.

அடுத்த படம் வந்தது. மழையில் ஓர் அழகி. கையில் வெற்றுக் குடை. பார்த்ததும் தொமேகிச்சி சபதம் போட்டார்: இந்தக் குடையில் என் பேர்! கடைக்காரர்கள் குடையில் பேர் போடுவது வழக்கம்தானே, எவன் கேட்பான்?

படத்தைப் பலகையில் குப்புற ஒட்டிக் கோட்டோடு செதுக்கினால் போதும், அச்சில் தானே நேராக விழும்; இடம் வலம் யோசிக்க வேண்டாம். அப்படியே இருபது வருஷம் பழகிய கை. கோபத்தில் ஒட்டிய தாளின் முதுகிலேயே தன் பேரை நேராக எழுதிச் செதுக்கிவிட்டார்.

மரச்சுருளைப் பெருக்க வந்த ஒமினே நின்றாள்.

"ஏங்க, அந்தக் குடை..."

"குடையைப் பத்திப் பேசாதே!"

"இல்லீங்க, அந்தப் பேரு..."

"உனக்குமா வயிறு எரியுது? வாயைத் திறக்காதே!"

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பொதுக்குளியல் வீட்டுக்குப் போனார். கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்து அறிவித்தார்: "கடையில படம் தொங்கற அன்னிக்கு எல்லாரும் வாங்கடா. குடையைப் பாருங்க. செதுக்கினது யாருன்னு தெரியும்!"

குளியல் வீட்டு மாடியில் சொக்கட்டான் ஆடிவிட்டுச் சாயங்காலம் திரும்பியபோது, அச்சுக்காரர் பலகையை வாங்கிப் போயிருந்தார்.

படம் தொங்கிய அன்று குளியல் வீடே கடைவாசலில் நின்றது. குடையில் பளிச்சென்று ஒரு பேர்: ஒமினே.

"அடடே, பொண்டாட்டி பேரா! தொமே அண்ணே, இவ்வளவு உருகுவீங்கன்னு தெரியாமப் போச்சே!"

வீட்டுக்கு ஓடினார். "என் பேரை என்னடி பண்ணினே?"

ஒமினே ஒரு சின்ன மரத்துண்டை எடுத்து வந்தாள். பலகையிலிருந்து அவள் பெயர்த்தெடுத்தது. மை தடவி அவர் உள்ளங்கையில் அழுத்தினாள். தொமேகிச்சி என்று விழுந்தது, கண்ணாடியில் பார்த்தாற்போல இடம் வலமாக.

குளியல் வீட்டுக் கூட்டம் இதைப் பார்த்திருந்தால்! சட்டென்று உள்ளங்கையை மூடிக்கொண்டார். ஆனாலும் ஆத்திரம் விடுமா?

"சரி, வெட்டியெடுத்தே. வேற துண்டு வச்சு அடைச்சுச் செதுக்கினே. அதுல என் பேரையே செதுக்கறதுக்கு என்ன?"

"செதுக்கறவங்க பேருதான் வரணும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் ஒமினே.

உங்களை ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மழையில் தொமேகிச்சி நனைந்துகொண்டு போவதைப் பார்த்தால், பாவம் என்று குடையை மட்டும் நீட்டிவிடாதீர்கள்.