பதினாறு மீட்டர் எட்டிய ஏணி

லைன்மேனுக்குக் கணிதத்தில் முப்பத்துநாலு மார்க். முப்பத்தைந்து வந்தால் பாஸ். பாஸானால் மேற்பார்வையாளர் வேலை. அப்புறம் கம்பம் ஏற வேண்டாம். இருபது வருஷம் ஏறி முழங்கால் தேய்ந்தவர் மாலைக் கல்லூரியில் சேர்ந்ததற்கு இதைவிட உயர்ந்த லட்சியம் எதுவும் இல்லை.

ஒரே ஒரு கணக்கு அவர் காலை வாரிவிட்டது. ஐந்து மீட்டர் ஏணி. அதன் அடி சுவரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி இருக்கிறது. நுனி எந்த உயரத்தில் சுவரைத் தொடும்? நாலு மீட்டர் என்று எழுதியிருந்தார். சிவப்பு மையில் பெருக்கல் குறி. பதினாறு என்று எழுதிய மற்ற அறுபத்தோரு பேருக்கும் முழு மார்க்.

தேர்வு அதிகாரியிடம் போனார். அதிகாரி கல்லூரி அங்கீகரித்த தீர்வுக் கையேட்டை இரண்டு கையாலும் எடுத்துப் பிரித்தார்.

"பதினாறுன்னு போட்டிருக்கே. உங்களுக்கு மட்டும் எப்படி நாலு வந்துச்சு?"

"போட்டுப் பார்த்தேன் சார்."

"யாரு போடச் சொன்னா?"

"எப்பவும் அரை மணி நேரம் நானே முட்டி மோதிப் பார்ப்பேன் சார். அப்புறம்தான் கையேட்டைத் தொறப்பேன். சிக்கின இடத்துல ஒரே ஒரு வரி பார்த்துட்டு மூடிடுவேன். இதுல வர்க்கமூலம் எடுக்க மறந்துட்டாங்க. பதினாறோட வர்க்கமூலம்தான் நாலு."

"அறுபத்தோரு பேருமா மறந்துட்டாங்க?"

"அவங்க மறக்கலை சார். ஞாபகம் வெச்சு எழுதினாங்க."

அதிகாரி கையேட்டின் அதே பக்கத்தை இன்னொரு முறை விரலால் தடவிப் பார்த்தார்.

"அஞ்சு மீட்டர் ஏணி பதினாறு மீட்டர் எட்டுமா சார்? தினமும் ஏறுறவன் சொல்றேன்."

"ஏறினதுக்கெல்லாம் மார்க் போட முடியாதுங்க."

ஆனாலும் நிர்வாகம் நியாயமானது. மூவர் கொண்ட ஏணி உயர ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. கிடங்கிலிருந்து ஏணி வந்தது. சுவரில் சாத்தி அளந்தார்கள். நாலு மீட்டர். குழு ஆழ்ந்து யோசித்து, கிடங்குக் காப்பாளரிடம் விளக்கம் கேட்டது.

"நல்ல ஏணிதான் சார்," என்றார் அவர்.

"கையேட்டுக்குக் கட்டுப்படாத ஏணி எப்படிய்யா நல்ல ஏணி?"

புது ஏணி வந்தது. அதுவும் நாலு. மூன்றாவது ஏணியும் நாலிலேயே பிடிவாதமாக நின்றபோது, சந்தேகம் சுவர்மேல் திரும்பியது. சுவரை இடித்துக் கட்டக் குழு பரிந்துரைத்தது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் முதல்வரின் அறை. எனவே கையேட்டில் பிழை இருப்பது அன்று மாலையே கண்டுபிடிக்கப்பட்டது.

லைன்மேனுக்கு இரண்டு மார்க் கிடைத்தது. அன்று அமலில் இருந்த கையேட்டின்படி எழுதியவர்கள் என்பதால் மற்றவர்களுக்குக் குறைக்கவில்லை. இனி யாரும் கண்ணை மூடிக்கொண்டு காப்பியடிக்கக் கூடாது என்று, லைன்மேன் சொன்ன முறையையே ஒரு கட்டாயப் பாடமாக்கினார்கள்: 'தீர்வுக் கையேட்டைத் திறம்படப் பயன்படுத்துதல்'. பதவி உயர்வுக்கு இதிலும் பாஸாக வேண்டும்.

அந்தப் பாடத்துக்கும் ஒரு தீர்வுக் கையேடு வந்தது. லைன்மேன் வாங்கினார்.

பரீட்சையில் முதல் கேள்வி: கையேட்டைத் திறக்குமுன் மாணவர் எவ்வளவு நேரம் தானே முயல வேண்டும்?

கையேட்டில் அச்சாகியிருந்த விடை: அரை நிமிடம்.

லைன்மேன் பேனாவைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். ஏணி, குழு, சுவர் எல்லாம் கண்முன் வந்து போயின. பிறகு தெளிவான கையெழுத்தில், 'அரை நிமிடம்' என்று எழுதினார்.

அறுபத்திரண்டு பேருக்கும் முழு மார்க். மறுமதிப்பீடு கேட்டு ஒருவரும் வரவில்லை.