கேட்காமல் சேர்ந்து வந்தது

கேட்காத பொருளுக்கு ஒரு பைசா கொடுக்க மாட்டேன். இது என் கொள்கை. கொரட்டூரில் யாரும் இதற்காக எனக்கு மாலை போடவில்லை, அது வேறு விஷயம்.

முன்பு கேஸ் கனெக்‌ஷன் கேட்டுப் போனபோது, அடுப்பையும் எங்களிடமே வாங்கு என்றார்கள். முடியாது என்று முறைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வேறு இடத்தில் கனெக்‌ஷன் கிடைக்கும்வரை, மாதக்கணக்கில் என் மனைவி ரேகா ஒற்றைக் கரண்ட் அடுப்பில் சமைத்தாள். கொள்கை என்றால் சும்மாவா?

இப்போது ரேகாவுக்கு லேப்டாப் வேண்டும். ஆரி வேலை பிளவுஸுக்கு டிசைன் வரைந்து கஸ்டமர்களுக்கு அனுப்புகிறாள். முகூர்த்த மாதம் நெருங்குகிறது. போனில் வரைந்து வரைந்து கண் எரிகிறதாம். பணம் அவளுடையது. விவரம் தெரிந்த ஆள் என்ற முறையில் அம்பத்தூர் கடைக்கு நானும் கூடப் போனேன்.

கடைக்காரர் நாகப்பன் ஒரு மெஷினைத் திறந்து காட்டினார். அதை ஓட வைக்கும் சாஃப்ட்வேர் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தது. அதன் விலையும் சேர்த்தி.

"இதை யாரு கேட்டா?" என்றேன்.

"இன்னா சார், கம்பெனியிலயே போட்டுத்தான் வருது."

"எனக்கு வேணாம். எடுத்துட்டு விலையைக் குறைங்க."

"அது இல்லாங்காட்டி ஓடாது சார். வெறும் டப்பா."

"அந்த டப்பாவே போதும்! இலவசமா கிடைக்கிற சாஃப்ட்வேர நானே போட்டுக்கறேன். கேக்காததை ஏன்யா எங்க தலையில கட்டறீங்க? சட்டை வாங்கினா தையல்காரனையும் கூட்டிக்கினு போவணுமா?"

கடையே திரும்பிப் பார்த்தது. ரேகா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"கல்யாணத்தப்ப எங்கப்பா பீரோ, கட்டில், மெத்தைன்னு அனுப்பினாரே. கேக்காததை ஏன் அனுப்பறீங்கன்னு அப்ப ஏன் கத்தல?"

"அது வேற."

"எப்படி வேற?"

"அது... நாங்க கேட்டிருந்தோம்."

நாகப்பன் அவசரமாகக் குடோனுக்குள் போனார். திரும்பி வரும்போது, சாஃப்ட்வேர் இல்லாத மெஷின் ஒன்று அவர் கையில் இருந்தது. நான் நெஞ்சை நிமிர்த்தி வெளியே வந்தேன்.

வீட்டில் ஆன் செய்தேன். கறுப்புத் திரை. மூலையில் ஒரு வெள்ளைக் கோடு கண் சிமிட்டியது. இலவச சாஃப்ட்வேர் ஏற்றிய பென் டிரைவைச் செருகினேன், பிடுங்கினேன், திருப்பிச் செருகினேன். யூடியூபில் ஒருவன் 'ரொம்ப ஈஸி' என்றான். அவன் மட்டும் நேரில் கிடைத்திருந்தால்! ஞாயிறு போய் அடுத்த ஞாயிறும் வந்துவிட்டது.

"இது எப்பங்க எழுந்திரிக்கும்?"

"சுதந்திரம்னா கொஞ்சம் கஷ்டம் இருக்கத்தான் செய்யும் ரேகா."

"கஷ்டம் எனக்கு. சுதந்திரம் யாருக்கு? டிசைன் எங்கன்னு கல்யாண வீட்டுக்காரங்க போன்ல கத்தறாங்க."

எனக்கு வந்ததே கோபம். ஊருக்காகப் போராடுகிறவனுக்கு வீட்டில் மரியாதை இல்லை. அதற்குள் பையை என் கையில் திணித்து, தயிர் வாங்கிவர அனுப்பிவிட்டாள். அதுவும் ஸ்டேஷன் பக்கத்துக் கடைத் தயிர்தான் வேண்டுமாம்.

திரும்பி வந்தால் லேப்டாப் பளபளவென்று ஓடிக்கொண்டிருக்கிறது! பக்கத்து வீட்டு சபீனா, பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர், எதிரே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"இலவச சாஃப்ட்வேர்தாண்ணா. நீங்க சொன்னதேதான் போட்டிருக்கேன்."

"பாத்தியா ரேகா! நான் அப்பவே சொன்னேன்ல!" என்று பாய்ந்து உட்கார்ந்தேன். அது பாஸ்வேர்ட் கேட்டது.

"பாஸ்வேர்ட் இன்னா?"

"அது என் பேர்ல இருக்கு. உங்களுக்கு எதுக்கு?"

"எதுக்கா? இதுக்காகக் கடையில தொண்டை கிழியக் கத்தினவன் நான்!"

ரேகா நிதானமாகத் தயிரை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்தாள்.

"நான் காசு குடுத்துக் கேட்டது மெஷின். அதுகூட நீங்களும் சேர்ந்து வரணும்னு நான் கேக்கலையே? கேக்காததைத் தலையில கட்டக் கூடாது. உங்க கொள்கைதானே?"

சபீனா காபி டம்ளரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

கெஞ்சிக் கூத்தாடியதில், லேப்டாப்பில் 'விருந்தாளி' என்ற பெயரில் எனக்கும் ஒரு வழி திறந்துவிட்டிருக்கிறாள். அதில் உள்ளே போய் நான் எதைச் செய்து வைத்தாலும், வெளியே வந்ததும் வந்துபோன சுவடே இல்லாமல் அழிந்துவிடும். என்ன அநியாயம் இது!

தயிர் வாங்கிவர மட்டும் பாஸ்வேர்ட் கேட்பதில்லை.