காணாமற்போன இரண்டு கம்பிகள்

பல்லுக்காரர் தம்முடைய பேஸ் கிட்டாரை விற்றுவிடத் தீர்மானித்ததற்கு முழுமுதற் காரணம் அவருடைய இடது தோள்பட்டை. கலையின் மேல் வெறுப்போ, வீட்டில் சண்டையோ காரணம் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அந்தக் கிட்டார் கனம். வாரை மாட்டிக்கொண்டு இரண்டு பாட்டு வாசித்தால், மூன்றாவது பாட்டுக்குத் தோள் தனியாகவும் ஆள் தனியாகவும் நிற்பதுபோல் இருக்கும். வைத்தியர் தோளை அழுத்திப் பார்த்து, ஒன்று கிட்டாரை மாற்றுங்கள், இல்லாவிட்டால் தோளை மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டார். கிட்டாரை மாற்றுவதுதான் எளிது என்று பட்டது.

அவர் பொய்ப்பல் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவர். அதனால்தான் அந்தப் பெயர். வெறுமனே வெள்ளையாக ஒரு பல்வரிசை செய்து கொடுப்பதை அவர் தொழிலாகவே மதிப்பதில்லை. அறுபது வயது வாயில் பால்வெள்ளைப் பல் இருந்தால் ஊரே கண்டுபிடித்துவிடும். எனவே ஈறோரத்தில் கொஞ்சம் டீக்கறை, முன்பல்லில் மயிரிழை விரிசல், கடைவாயில் லேசான தேய்மானம் எல்லாம் வைத்துத்தான் அனுப்புவார். வாய்க்குள் போனபின் அது சொந்தப் பல்லா வந்த பல்லா என்று நாக்குக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பேஸ் வாசிப்பார். மச்சினன் வீட்டுக் கார் கொட்டகையில் ஒரு சிறு குழு. மச்சினன் டிரம் அடிப்பான். கேட்பதற்கு யாரும் வருவதில்லை. சாதாரணக் கிட்டாருக்கு ஆறு கம்பி என்றால் பேஸுக்கு நாலே கம்பி, ஒவ்வொன்றும் தடி தடியாக. அதன் சத்தம் காதுக்கு எட்டுவதற்கு முன் வயிற்றுக்கு எட்டிவிடும். வாசிக்கும்போது யாரும் கவனிக்கமாட்டார்கள், நிறுத்தினால் மட்டும் என்னவோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பார்கள். குடும்பத்தில் அவருக்கு இருந்த இடமும் ஏறக்குறைய அதுதான் என்பதால் வாத்தியம் அவருக்கு நன்றாகப் பொருந்தியது.

அதற்கு அவர் செய்த பணிவிடையை வேறு யாருக்காவது செய்திருந்தால் புண்ணியமாவது கிடைத்திருக்கும். வாசிக்குமுன் கை கழுவுவார். வாசித்தபின் கம்பி ஒவ்வொன்றையும் பழைய பனியன் துணியால் துடைப்பார். மழைக்காலம் வந்தால் மரக்கழுத்து வளைகிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்து, உள்ளே ஓடும் இரும்புத் தண்டைக் கால் சுற்று திருகி நிமிர்த்துவார். கம்பிகள் மங்கினால் கழற்றி வெந்நீரில் கொதிக்கவைப்பார். ஒருமுறை பால் பாத்திரத்தில் கொதிக்கவைத்துவிட, அதைப் பற்றி வீட்டில் நடந்த பேச்சுவார்த்தை ஒரு வாரம் நீடித்தது. இத்தனையின் பலனாக, வாங்கி வருஷக்கணக்காகியும் கிட்டாரின் மேல் ஒரு கீறல் கிடையாது.

கடையில் ஒரு சின்ன, இலேசான பேஸ் பார்த்து வைத்திருந்தார். மனைவி ஒரே நிபந்தனை போட்டாள். "ஒண்ணு உள்ளே வரணும்னா ஒண்ணு வெளியே போகணும். வீடு என்ன கிடங்கா?" நியாயமான நிபந்தனை. படம் எடுத்து விளம்பரம் போட்டார்.

முதலில் வந்தவர் ஒரு தாடிக்காரர். கிட்டாரைக் கையில் வாங்கினார், முன்னும் பின்னும் திருப்பினார், முகம் சுருங்கியது. வாசித்தே பார்க்கவில்லை.

"என்ன சார், இவ்வளவு சுத்தமா இருக்கு?"

பாராட்டு என்று நினைத்துப் பல்லுக்காரர் அடக்கமாகச் சிரித்தார்.

"இல்ல சார், குறையாத்தான் சொல்றேன். இதுல ஒரு வாழ்க்கையே இல்லையே. வாசிச்சவன் முழங்கை எங்கே பட்டிருக்கு? பெல்ட் எங்கே உரசியிருக்கு? இதை மாட்டிக்கிட்டு நான் மேடை ஏறினா நேத்துதான் கத்துக்கிட்டேன்னு நினைப்பாங்க."

தாடிக்காரர் உண்மையில் நேற்றுதான் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருந்தார் என்பது பேச்சுவாக்கில் தெரிந்தது. ஆனால் விவரம் தெரிந்தவர். இப்போதெல்லாம் தொழிற்சாலையிலேயே சுரண்டி, துருப்பிடிக்கவைத்து, சாயம் உரித்துத்தான் புதுக் கிட்டாரை விற்கிறார்கள் என்றும், அதற்குத்தான் விலை அதிகம் என்றும், கீறலில்லாதவற்றைக் கடையின் பின்பக்கம் தள்ளுபடியில் அடுக்கியிருக்கிறார்கள் என்றும் பொறுமையாக விளக்கிவிட்டுப் போனார். அடுத்து வந்த இருவரும் அதையே வேறு வேறு சொற்களில் சொன்னார்கள். ஒருவர் ஆறுதலாக, கவலைப்படாதீர்கள், நாலு தடவை கீழே போட்டு எடுத்தால் சரியாகிவிடும் என்றார்.

பல்லுக்காரருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். கிழிந்த கால்சட்டையை அதிக விலைக்கு வாங்கிப்போகும் ஜனங்களைப் பற்றிச் சுருக்கமாக ஒரு கருத்துச் சொன்னாள். பிறகு சொன்னாள்: "தினமும் ஊரார் பல்லுக்கெல்லாம் கறை வைக்கிறீங்களே, இதுக்கு வைக்கத் தெரியாதா?"

மறுநாளே பால்கனியில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். பல் கடையும் சின்ன யந்திரம், உப்புக் காகிதம், டீத்தூள், உப்புத் தண்ணீர். முதல் கீறல் போடும்போது கண்ணில் நீர் முட்டியது. நாலாவது கீறலுக்குள் வாய் தானாக முணுமுணுத்துப் பாட ஆரம்பித்துவிட்டது. தொழில் தெரிந்த கை அல்லவா. வலது முழங்கை படும் இடத்தில் சாயத்தை உரித்து, கீழே மரத்தை வியர்வை ஊறியதுபோல் மங்கவைத்தார். முதுகில் பெல்ட் பூட்டு உரசிய தடம். திருகாணிகளில் துரு. சிகரெட்டைத் தொட்டறியாத அவர், வாசிப்பவர்கள் தலைப்பக்கம் கம்பி நுனியில் செருகிவைக்கும் சிகரெட் கருக்கியதுபோல் வடு ஒன்றையும் ஊதுவத்தியால் வைத்தார். மனைவி துணி உலர்த்த வரும்போதெல்லாம் நின்று பார்த்து, அங்கே இன்னும் கொஞ்சம், இங்கே போதும் என்று யோசனை சொன்னாள். மச்சினன் ஒரு மாலை முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தபடி வேடிக்கை பார்த்தான்.

மறுபடி படம் போட்டதும் தொலைபேசி ஓயவில்லை. தாடிக்காரரே திரும்பி வந்தார். அதே வீடு, அதே ஆள், அதே கிட்டார். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தேய்ந்த இடத்தில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். இதை வாசித்தவன் கப்பலில் வாசித்தவனாகத்தான் இருக்கவேண்டும், இந்தத் துரு கடல்காற்றுத் துரு என்றார். பல்லுக்காரர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இரண்டு நாளில் வந்து எடுத்துக்கொள்வதாக முன்பணம் கொடுத்துவிட்டு, கிட்டாரோடு படம் எடுத்துக்கொண்டு, கடற்கதையையும் சேர்த்து உலகத்துக்கு அறிவித்தார் தாடிக்காரர்.

உலகத்தில் தொன்மைப் பொருள் பேணல் துறையும் ஒரு பகுதி.

கிட்டாரை ஒப்படைக்கவேண்டிய நாளன்று, தாடிக்காரருக்கு முன்னால் அதிகாரி வந்துவிட்டார். கையுறை, பூதக்கண்ணாடி, முகத்தில் ஒரு துக்கக்களை. மேற்படி இசைக்கருவியைக் கட்டிலில் கிடத்தச் சொல்லி, நோயாளியைப் பார்ப்பதுபோல் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்கு மூச்சு வாங்கியது.

"இது ரொம்பப் பழசு," என்றார். பிறகு நிமிர்ந்து, கம்பிகளை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். "மிச்சம் ரெண்டு கம்பி எங்கே?"

"சார், இது பேஸ் கிட்டார். இதுக்கு நாலுதான்."

"கிட்டாருக்கு ஆறு கம்பி. துறையோட விளக்கத்துல அப்படித்தான் இருக்கு."

பல்லுக்காரர் தலைப்பக்கத்தைக் காட்டி, முறுக்காணிகளே நாலுதானே, மற்ற இரண்டுக்கு ஓட்டைகூட இல்லையே என்று தாழ்மையாக எடுத்துச் சொன்னார். அதிகாரி பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார். இல்லாத ஓட்டைகளைக் காணக் காண அவர் கண்கள் விரிந்தன. ஓட்டை இருந்த சுவடே தெரியாமல் அடைத்திருக்கிறார்களே, இந்தத் தொழில்நுட்பம் இன்றைக்கு எங்கே இருக்கிறது என்று வியந்தார்.

அதன்பின் அவர் அறிவித்தது இது: மேற்படி கருவி இந்த நிமிடம் முதல் பாதுகாக்கப்பட்ட பொருள். இதை விற்கக் கூடாது. கம்பி மாற்றக் கூடாது. துடைக்கக் கூடாது, ஏனென்றால் அழுக்கும் ஆவணமே. முக்கியமாக, வாசிக்கவே கூடாது. வாசித்தால் தேயும். ஏற்கெனவே இருக்கும் தேய்மானம் புதுத் தேய்மானத்தால் சேதமடையும்.

பல்லுக்காரர் நேர்மையானவர். இத்தோடு போதும் என்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். தேய்த்தது தாம்தான், துரு உப்புத் தண்ணீர், கறை டீத்தூள் என்று வரிசையாகச் சொன்னார். அதிகாரி இரக்கத்தோடு கேட்டுக்கொண்டார்.

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. பொருளைப் பிரிய மனசு வராது. உடனே போலின்னு சொல்லிடுவாங்க."

வாங்கிய ரசீதைக் கொண்டுவந்து காட்டினார் பல்லுக்காரர். அதையும் அவர் உறைக்குள் போட்டு ஒரு மடிப்பு விழாமல் வைத்திருந்தார். அதுதான் வினையாகப் போயிற்று.

"காகிதம் இவ்வளவு புதுசா இருக்கு. கிட்டார் இவ்வளவு பழசா இருக்கு. எதை நம்பச் சொல்றீங்க?"

வேறு வழி தெரியாமல், இதோ உங்கள் கண்முன்னாலேயே செய்து காட்டுகிறேன் என்று பல் கடையும் யந்திரத்தை எடுத்துவந்து சுவிட்சைப் போட்டார். அதிகாரி பாய்ந்து கட்டிலை மறித்துக்கொண்டார். இன்னும் ஓரடி எடுத்துவைத்தால் பாதுகாக்கப்பட்ட பொருளைச் சிதைக்க முயன்ற குற்றம் வரும் என்றார். யந்திரம் சும்மா சுற்றிக்கொண்டு நின்றது.

இத்தனை நேரம் கதவோரம் நின்றிருந்த மனைவிக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, நான் கண்ணால பார்த்தேன். இவர்தான் பால்கனியில உட்கார்ந்து சுரண்டினார். நான்தான் இடம் காட்டினேன்."

அதிகாரி முதல்முறையாகப் புன்னகைத்தார். ஒவ்வொரு பழம்பொருளைச் சுற்றியும் வீட்டுப் பெண்கள் ஒரு கதை வைத்திருப்பார்கள், அதற்கு வாய்மொழி மரபு என்று பெயர், அதையும் துறை மதித்துப் பதிவுசெய்யும் என்று கூறி, அவள் சொன்னதை எழுதிக்கொண்டார்.

பிறகு காணாமற்போன இரண்டு கம்பிகளைத் தேடும் பணி தொடங்கியது. அலமாரிகள் திறக்கப்பட்டன. தொட்டிச் செடிகள் வேரோடு எடுக்கப்பட்டு, மண் சலிக்கப்பட்டது. கடைசியில் பால்கனியில் துணி உலர்த்தும் கம்பியைக் கண்டதும் அதிகாரி அப்படியே நின்றுவிட்டார். ஈரத்துணிகளை மனைவி கையில் கொடுத்து, கம்பியை இரண்டு துண்டாக வெட்டி, பஞ்சில் சுற்றி எடுத்துக்கொண்டார். ஆறும் கிடைத்துவிட்டன. துறையின் விளக்கம் காப்பாற்றப்பட்டது.

கிட்டார் வண்டியில் ஏறும்போதுதான் தாடிக்காரர் வந்து சேர்ந்தார். முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனால் வாங்க மறுத்தார். அரசாங்கமே எடுத்துக்கொண்டு போகும் அளவுக்குத் தம் ரசனை இருந்திருக்கிறதே என்று அவருக்கு நெஞ்சு விம்மியது. அந்தப் பணத்தைக் கொண்டுபோய்ப் பல்லுக்காரர் கடையில் நீட்டினார். பின்பக்கத்தில், கீறலில்லாத குற்றத்துக்காகத் தள்ளுபடியில் கிடந்த அந்தச் சின்ன பேஸ் அதற்கே கிடைத்தது. ஒன்று வெளியே போயிருந்ததால் மனைவியும் மறுப்புச் சொல்லவில்லை. தோள் வலி குறைந்தது. அத்தோடு விட்டிருந்தால் எல்லாம் சுகம்.

சில மாதங்களில் அருங்காட்சியகத்தில் தனி அறையே திறந்தார்கள். மச்சினன்தான் போகலாம் என்று ஆசைகாட்டினான். மூவரும் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வரிசை நீளம். முன்னால் நின்றவர்களின் சட்டை, பை, செருப்பு எல்லாம் கவனமாகக் கிழித்துத் தேய்க்கப்பட்டிருந்தன. தாடிக்காரர் உள்ளே ஒரு கூட்டத்தைச் சேர்த்து, இது கையிலிருந்து நழுவிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். புதிய பதவி உயர்வோடு அதிகாரியும் இருந்தார். பல்லுக்காரரைப் பார்த்து, அடையாளம் தெரியாததால், கண்ணாடியைத் தொடாதீர்கள் என்றார்.

மெல்லிய விளக்கொளியில், கண்ணாடிக்குள், ஆறு கம்பிகளோடு நின்றது கிட்டார். நாலு கம்பி முறுக்காணியிலும் இரண்டு கம்பி ஒட்டுநாடாவிலும் இருந்தன. பக்கத்தில் பலகை. பெயர் தெரியாத ஒரு கலைஞன், கரையில்லாக் கடலில், கேட்க ஆளில்லாத இரவுகளில், ஆயுள் முழுவதும் இதை வாசித்தான் என்றும், அவன் முழங்கையும் மூச்சும் மரத்தில் பதிந்திருக்கின்றன என்றும் எழுதியிருந்தது. கூட்டம் சத்தமே இல்லாமல் நின்றது. சிலர் தலையைச் சாய்த்து, சத்தம் வருவதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மச்சினன் கண்ணாடியில் மூக்கை வைத்தான். "இந்த மாதிரி தேய்மானமெல்லாம் இப்ப யாராலயும் செய்ய முடியாது மாமா," என்றான்.

பல்லுக்காரர் பலகையை இரண்டாம் முறை படித்தார். ஆயுள் முழுவதும் என்ற இடத்தில் எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. தோள்பட்டையைத் தடவிக்கொண்டு மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்:

"நானும்தான் இத்தனை வருஷமா வாசிக்கிறேன். இப்படி ஒரு வடு விழலையே."

மனைவி புடவைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். "அவரோட போய் உங்களைச் சேர்த்துப் பேசாதீங்க. அதுக்கெல்லாம் கொடுத்து வச்சிருக்கணும்."

பல்லுக்காரருக்கு அது நியாயமாகவே பட்டது. நகரச் சொல்லிக் காவலாளி விசில் ஊதும்வரை, வணங்குவதுபோல் தலைகுனிந்து நின்றிருந்தார்.