பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும்

ஒரு காட்டில் ஒரு திங்கட்கிழமை கூட்டம் நடந்தது. வந்தவர்கள்: யானை ஒன்று, கரடி ஒன்று, குரங்குகள் நான்கு, முயல்கள் ஆறு, பெருச்சாளி ஒன்று. ஆகப் பதின்மூன்று. கூட்டம் நடத்திய சுகாதார ஆய்வாளர் நரியையும் சேர்த்தால் பதினான்கு. ஆமை கிளம்பிவிட்டதாகத் தகவல்.

அதுவரை அந்தக் காட்டில் குப்பையைப் பிரித்து எடுத்தது பெருச்சாளிதான். வீடு வீடாகப் போய்க் குரல் கொடுக்கும். தகரம், புட்டி, காகிதம் என்று தனித்தனியாக வாங்கிக்கொண்டு பேரீச்சம்பழம் கொடுக்கும். அந்தப் பிழைப்பில் ஏழு குட்டிகள் சாப்பிட்டன.

நரி அறிவித்தது: "இனிமேல் வீட்டுக்கு இரண்டு தொட்டி. மக்குவது பச்சையில், மக்காதது நீலத்தில். வாசலில் வைத்தால் வண்டி வந்து எடுத்துக்கொள்ளும். வேறு யார் குப்பையைத் தொட்டாலும் அபராதம்."

"அப்போ என் பிழைப்பு என்னங்கய்யா ஆகும்?" என்றது பெருச்சாளி.

"பிரிக்கிற வேலைக்கு ஓர் ஆள் எடுக்கிறோம். மனுப் போடு. அனுபவச் சான்றிதழ் இருக்கா?"

"பதினொரு வருஷமா இதைத்தானே செய்யறேன்!"

"அதை யாராவது எழுதிக் கொடுத்தாங்களா?"

யானை எழுதிக் கொடுத்தது. மனு போயிற்று.

தொட்டிகள் வந்தன. இருபத்தாறும் பளபளவென்று இருந்தன.

"இதுலயா குப்பையைக் கொட்டறது? மனசு வருமா?" என்றது கரடி. பச்சையில் தேனை ஊற்றியது. நீலத்தில் தண்ணீர் பிடித்தது.

"மூடி வேற இருக்கு. எறும்பு ஏறாது" என்றது ஒரு குரங்கு.

எல்லோரும் அப்படியே செய்தார்கள். பொய் சொல்லக் கூடாது, பெருச்சாளியும் தன் பேரீச்சம்பழத்தை ஒன்றில் கொட்டி மூடிற்று. குப்பை மட்டும் பாதையில் விழுந்தது.

வண்டி முப்பது நாள் வந்தது. எந்த வாசலிலும் தொட்டி இல்லை. நரி பதிவேட்டில் எழுதியது: 'எடுத்த குப்பை, இல்லை.'

"வழியெல்லாம் கிடக்குதேங்கய்யா?" என்றது பெருச்சாளி.

"தொட்டியில் இருந்தால்தான் அது குப்பை. கீழே கிடக்கிறதை எழுத இந்தப் படிவத்தில் கட்டம் இல்லை."

சிங்கராஜாவுக்குக் 'குப்பையில்லாக் காடு' விருது கிடைத்தது. மறுநாள் பெருச்சாளிக்குப் பதில் வந்தது. கொண்டுவந்த நரி, பாதையில் நிற்க இடமில்லாமல் ஒரு குவியலின்மேல் ஏறி நின்று வாசித்தது: "குப்பையே இல்லாத காட்டில் குப்பை பிரிக்க ஆள் தேவையில்லை. மனு நிராகரிக்கப்படுகிறது."

பெருச்சாளி குட்டிகளைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கே பக்கத்துக் காட்டுக்குப் போய்விட்டது.

நீதி: குப்பையை ஒழிக்க ஒரே வழி, தொட்டியை அழகாகச் செய்வது.

மீதி: குவியல்கள் நாற்பத்தொன்று.